பதினான்காம் நம்பர் பல்செட்

என் கணவன் டேல் மார்ட்டிலாவுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் நான்கு கிடையாது. நான்கும் ஒரே நாளில் போனவை. போன இடமும் எனக்குத் தெரியும்: எங்கள் ஊர் பனித்தளத்தில் தெற்குப் பக்கத்துக் கோல் கம்பத்துக்கு முன்னால். அதற்கு அடுத்த வாரம்தான் அவனை முதன்முதலாகப் பார்த்தேன். என்னைப் பார்த்து வாயெல்லாம் திறந்து சிரித்தான். நான் அங்கேயே விழுந்தேன். பல்வரிசையைப் பார்த்துப் பெண்கள் மயங்குவார்கள், பல் இல்லாத இடத்தைப் பார்த்து மயங்கியவள் நீ ஒருத்திதான் என்று என் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

லாக்லன் ஏரி என்ற எங்கள் ஊரில் ஓட்டை வாய் ஒன்றும் அதிசயமில்லை. ஒரு காலத்தில் இங்கே சம்பளத்துக்கு ஆடிய ஐஸ் ஹாக்கி அணி இருந்தது. நீர்நாய்கள் என்று பெயர். பெரிய லீக் எல்லாம் இல்லை. பெரிய லீக்குக்குக் கீழே ஒன்று, அதற்கும் கீழே ஒன்று, அதன் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த லீக். சம்பளம் வாடகைக்குச் சரியாகப் போகும். சாப்பாட்டுக்கு யார் வீட்டிலாவது உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் ஊருக்குள் நடந்து போனால் ராஜாக்கள். அணி கலைந்ததும் பாதிப் பேர் வந்த வழியே போய்விட்டார்கள். மீதிப் பேர் உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கினார்கள்.

தங்கிய ராஜாக்கள் வேலை தேட வேண்டி வந்தது. எதிரணிக்காரனை அடிப்பதற்கென்றே வைத்திருந்த ப்ரூனோ இன்று பாலர் வகுப்பில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிறான். ஈவோன் லாமூரு, கூட்டாளிகளுக்கு லாமி, காட்டிலிருந்து கட்டை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். கோல் கீப்பர் பாவ்லுக், முகமூடி போட்டே ஆடியதால் அணியிலேயே எல்லாப் பல்லும் மிஞ்சிய ஒரே ஆள். அவன் பல்செட் கட்டும் படிப்புப் படித்துக் கடைத்தெருவில் கடை போட்டான். கூட ஆடியவர்களின் வாயை நம்பியே காலம் தள்ளிவிடலாம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. புத்திசாலி.

டேல் கார் விற்றான். இன்ஷூரன்ஸ் விற்றான். வீடு வீடாகப் போய் ஐஸில் வைத்த இறைச்சி விற்றான். எல்லாவற்றிலும் ஒரே கதைதான். "பதினாலாம் நம்பர் மார்ட்டிதானே நீ?" என்று எதிராளி ஆரம்பிப்பார். இவனும் உட்கார்ந்து பழைய ஆட்டங்களைப் பேசுவான். கேட்பவர் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார். காரைப் பற்றிப் பேசவே இவனுக்கு மறந்துபோகும். நினைவு வந்துவிட்டால் அதைவிட மோசம். தொண்டையைச் செருமிக்கொள்வான். குரல் மாறும். "ஐயா, இந்த வாகனத்தின் சிறப்பம்சங்களை எடுத்துக்கொண்டால்..." என்று விளம்பரக்காரன் மாதிரி தொடங்குவான். எதிரே இருப்பவர் முகம் அப்படியே சுருங்கும். ஊருக்கே பிடித்த மனிதனிடம் ஒரு சாமான் வாங்க யாருக்கும் மனம் வராது. கடைசியில் பீர் கடைக் கல்லாவில் வந்து நின்றான். அங்கே அவன் எதையும் விற்க வேண்டியதில்லை, பீர் தன்னைத் தானே விற்றுக்கொள்கிறது.

அப்படிப்பட்டவன் ஐம்பத்து நான்கு வயதில் ஒரு வேலைக்கு ஆசைப்பட்டான்.

எங்கள் ஊர் வானொலியில் ஹாக்கி வர்ணனை சொல்லிக்கொண்டிருந்த பெரியவர் ஓய்வு பெற்று, மேற்கே மகள் வீட்டோடு போய்விட்டார். நீர்நாய்கள் என்ற பெயரில் இப்போது ஆடுவது ஊர் இளைஞர்களின் அணி. சனிக்கிழமை ஆட்டம் என்றால் ஏரியைச் சுற்றியும் நெடுஞ்சாலை ஓரமாகவும் உள்ள எல்லா வீட்டிலும் வானொலி பாடும். நிலையத்தை நடத்தும் கிளெனிஸ் டாரன்ட் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஓர் ஆட்டம் சொல்லிக் காட்டுங்கள் என்றாள். முதல் ஆள் பள்ளித் துணைத் தலைமையாசிரியர். குரல் தேவாலய மணி. ஆனால் ஆட்டம் எந்தப் பக்கம் போகிறது என்பது அவருக்கே தெரியவில்லை. அடுத்தவன் டொரான்டோவில் வர்ணனைக்கென்றே படித்துவிட்டு வந்த இளைஞன். குறை சொல்ல முடியாமல் சொன்னான். மூன்றாவது டேல்.

"ஆர்லீன், இதுவும் கெடைக்கலைன்னா இனிமே நான் எதுக்கும் போய் நிக்க மாட்டேன். பீர் கடையிலயே நின்னு செத்துப்போறேன்."

"சாகறதுக்கு முன்னாடி அந்தக் குப்பைப் பையைக் கொண்டுபோய் வெளிய வை," என்றேன்.

பேச்சு அப்படித்தான் வந்தது. ஆனால் எனக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. எத்தனையோ வேலை போயிருக்கிறது, ஒன்றுக்கும் அவன் முகம் வாடியதில்லை. இதற்கு மட்டும் ஒரு மாதமாகக் கார் ஷெட்டில் நின்று, பெரிய நகரத்து வர்ணனையாளர்களைப் போல் பேசிப் பழகிக்கொண்டிருந்தான். எனக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. கார் விற்ற குரல்தான் அது, கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தது. சொன்னால் மனம் நொந்துபோவானே என்று வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொள்வது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. நகராட்சியில் பனி அள்ளும் வண்டிகளுக்கு வயர்லெஸ்ஸில் வழி சொல்வது என் வேலை. அதட்டிப் பேசியே சம்பளம் வாங்குகிறவள்.

அவன் முறை வந்த அதே சனிக்கிழமைதான் பழைய நீர்நாய்கள் வருஷத்துக்கு ஒருமுறை கூடி ஆடும் நாளும்.

"மத்தியானம் ஆடப் போகாத டேல். சாயங்காலம் பேசணும்."

"போகலைன்னா அவனுங்க கிண்டல் பண்ணியே கொன்னுடுவானுங்கம்மா. சும்மா பத்து தடவை சறுக்கிட்டு வந்துடறேன்."

நானும் காப்பிக் கூஜாவோடு கூடப் போனேன். உடை மாற்றும் அறைக்கு வெளியே நிற்கும்போதே உள்ளே சண்டை காதில் விழுந்தது. எதற்கு? சட்டை நம்பருக்கு. டேல் ஆடியபோது பதினாலு அவனுடையது. அவன் கால் முட்டி போய் விலகிய பிறகு வந்த லாமூருவுக்கு அதே பதினாலைக் கொடுத்தார்கள். இந்த மனிதர்களுக்குக் கல்யாண நாள் மறக்கும், பிள்ளை பிறந்த நாள் மறக்கும். சட்டை நம்பர் மட்டும் மறக்காது. போன வருஷம்வரை லாமூரு இந்த ஆட்டத்துக்கு வராததால் பிரச்சினை இல்லாமல் இருந்தது.

"டேய் மார்ட்டி, கழட்டுடா. அந்தப் பதினாலுல நான் நாப்பது கோல் போட்டிருக்கேன்," என்றான் லாமூரு.

"நான் போட்டுச் சூடு பண்ணி வச்சுட்டுப் போன சட்டைடா அது. அதனாலதான் உனக்கே கோல் விழுந்துச்சு."

"அதான் அந்த நாத்தம் இன்னும் போகல!"

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் டேல் சிவப்பு அணியில் பதினாலு, லாமூரு வெள்ளை அணியில் பதினாலு என்று முடிந்தது. பழைய நாளில் சாமான்களைப் பார்த்துக்கொண்ட ஆர்வில்தான் அன்றும் அறைப் பொறுப்பு. அவர் எப்போதும் போல அலமாரியில் பேப்பர் கப்புகளை வரிசையாக அடுக்கினார். ஆட்டத்துக்கு முன் பல்செட்டைக் கழற்றி அவரவர் கப்பில் போட்டுவிட வேண்டும். மாட்டிக்கொண்டு ஆடினால், ஒரு இடி வாங்கியதும் அது தொண்டைக்குள் போய்விடும். ஒவ்வொரு கப்பிலும் வெள்ளை டேப் ஒட்டி அதில் சட்டை நம்பரை எழுதுவார். ஆர்வில்லுக்கு நம்பர்தான் ஆள். பெயர் அவருக்கு எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை. வெந்நீர்க் குழாய் வேலை செய்தது ஓர் அறையில் மட்டும் என்பதால் இரண்டு அணியும் அந்த ஒரே அறையில். ஒரே அலமாரியில், பக்கத்துப் பக்கத்தில், இரண்டு பதினாலு.

நானும் பார்த்தேன். பார்த்துவிட்டுக் காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் லாமூருவுக்கு அவசரம். காட்டுக்குப் போய்க் கட்டை ஏற்றிக்கொண்டு, காப்பர் கிரீக் ஆலையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரு கப்பை அப்படியே எடுத்து, மேலே பேப்பரைத் திணித்துச் சட்டைப் பைக்குள் சொருகிக்கொண்டு லாரியில் ஏறினான். வண்டி ஓட்டும்போது அவன் பல் மாட்டுவதில்லை. வழியெல்லாம் சூரியகாந்தி விதை கொறித்துத் துப்பிக்கொண்டே போவான், நடுவில் பல்செட் இடைஞ்சல். டேலும் தன் பங்குக் கப்பைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பட்டாணி சூப் குடித்தான். பிறகு படுத்துத் தூங்கினான். ஆட்ட நாள் மத்தியானம் தூங்கியே ஆக வேண்டும் என்பது இவர்களுக்கு வேதவாக்கு. ஆடுவதை விட்டு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் சனிக்கிழமைத் தூக்கத்தை மட்டும் விடவில்லை.

எழுந்து, குளித்து, புதுச் சட்டை போட்டுக் கண்ணாடி முன் நின்றான்.

"ஆர்லீஈஈன்!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். இஞ்சி தின்ற குரங்கு மாதிரி நின்றுகொண்டிருந்தான். மேலுதடு மூக்கைத் தொடுகிறது, வாய் மூட மாட்டேன் என்கிறது. அவன் சொல்லாமலே எனக்கு அந்த இரண்டு கப்பும் கண்ணுக்குள் வந்து நின்றன. அவனை அப்படியே காரில் ஏற்றிப் பாவ்லுக் கடைக்குக் கொண்டுபோனேன்.

பாவ்லுக் அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"சிரிக்காதடா," என்றான் டேல்.

"இது லாமியோடது. நான் கட்டினதுதான். அவனுக்கு அஞ்சு பல்லு, உனக்கு நாலு. நாலு பேரு உக்கார்ற பெஞ்சுல அஞ்சு பேரு எப்படிடா உக்காருவானுங்க?"

"ஒண்ணை அறுத்துடு."

"லாமி பல்லை லாமியைக் கேக்காம அறுக்கறதா? நாளைக்கு அவன் லாரியோட என் கடைக்குள்ள வருவான். நான் மாட்டேன்பா."

"சரி, புதுசு ஒண்ணு கட்டு."

"மூணு நாள் ஆகும். ஆட்டத்தைச் செவ்வாக்கிழமைக்கு மாத்தச் சொல்லு."

பசை தடவி ஒட்டிப் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். பாவ்லுக் தாராளமாகத் தடவி, அழுத்தி, பத்து எண்ணிவிட்டு, "பேசு," என்றான். அன்று எதிரணி காப்பர் கிரீக். அவர்கள் ஆட்களின் பெயரைச் சொல்லிப் பார்த்தான் டேல். ஃபாசெட், ஸ்டாஃபோர்ட், ஃபிஷர் சகோதரர்கள் இரண்டு பேர். கடவுளுக்கு எங்கள்மேல் என்ன கோபமோ, முன்பல் இல்லாமல் சொல்ல முடியாத பெயராகவே பொறுக்கி அனுப்பியிருந்தார். 'ஃபாசெட்'டில் தாக்குப்பிடித்த பல்செட் 'ஸ்டாஃபோர்ட்'டில் கிளம்பி, பாவ்லுக்கின் காப்பிக்குள் போய் விழுந்தது.

பாவ்லுக் தரையில் உட்கார்ந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு முட்டியது. டேல் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

லாமூருவுக்குப் போன் போட்டால் மணி அடிக்கவே இல்லை. காப்பர் கிரீக் சாலையில் பாதிக்கு மேல் சிக்னல் கிடையாது. காரில் இருந்த வயர்லெஸ்ஸில், அந்தச் சாலையில் பனி அள்ளப் போயிருந்த என் ஓட்டுநர் மெர்வினைப் பிடித்தேன்.

"லாமூருவா? அவரு என்னைத் தாண்டிப் போயி எவ்வளவு நேரமாச்சு அக்கா. ஜன்னலைத் தொறந்து வச்சுக்கிட்டு, ஊரு கேக்கப் பாடிக்கிட்டுப் போனாரு. நான் திரும்பி வர்ற வழியில இருக்கேன், பிடிக்க முடியாது."

டேல் காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

"கிளெனிஸுக்குப் போன் போட்டு உடம்பு சரியில்லன்னு சொல்லிடு."

"பல்லு இல்லாம வருஷக்கணக்கா ஆடினவன், பல்லு இல்லாம ஒரு சாயங்காலம் பேச மாட்டியா?"

"பல்லு போனா சொல்லு போச்சும்மா."

"பழமொழி எல்லாம் தெளிவாத்தான் வருது. பெல்ட்டைப் போடு," என்று வண்டியை எடுத்தேன்.

வர்ணனை அறை என்பது பார்வையாளர் வரிசைக்கு மேலே தொங்கும் ஒரு மரப்பெட்டி. முன்னால் திறந்த ஜன்னல், ஒரு மேசை, மைக், போன். கிளெனிஸ் காதில் ஹெட்போனோடு ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண்தான், ஆனால் சிரிப்பதற்கு வரி போடுவார்கள் என்று நினைப்பவள். கோல் பக்கம் போகும் அடிகளை எண்ணிச் சொல்ல டேல் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். பல்லைப் பற்றிக் கிளெனிஸிடம் சொல்லவில்லை. சமாளித்துவிடலாம் என்று அவனுக்கு ஒரு நப்பாசை.

சமாளிப்பதென்றால் எப்படி? கஷ்டமான பெயர் வந்தால் சுற்றிப் போகிறான். "காப்பர் கிரீக்கின்... அந்த... வலது ஓரத்து ஆட்டக்காரர்..." என்று நிறுத்தி நிறுத்தி, நகரத்துக் குரலில், ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைக்கிறான். ஐஸ் ஹாக்கி அதற்கெல்லாம் காத்திருக்குமா? அந்த ரப்பர் வட்டு எங்கள் கோலுக்குள் போய், காப்பர் கிரீக் பிள்ளைகள் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தபோது, இவன் வர்ணனையில் அது இன்னும் நடுக்கோட்டைத் தாண்டவில்லை. கிளெனிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள்.

அப்போது டேல் ஒரு காரியம் செய்தான். இடது கையைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தான்.

இத்தனை வருஷத்தில் அவன் அந்த வாயை யாரிடமும் மறைத்து நான் பார்த்ததில்லை. என் அம்மாவுக்கு முன்னாலேயே மறைக்காதவன். எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"கையை எடுடா!" என்று கத்தினேன். "என் பல்லு ஈவோன் லாமூரு சட்டைப் பையில உக்காந்து காப்பர் கிரீக் போகுதுன்னு சொல்லித் தொலையேன்! இந்த ஊர்ல எவனுக்கு உன் ஓட்டை வாயைத் தெரியாது?"

பனி அள்ளும் வண்டி இரைச்சலையும் மீறிக் கேட்கப் பழகிய குரல். மைக் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அதன்மேல் ஒலிபரப்பின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊரில் பனித்தளத்துக்கு வருகிறவர்களும் பாக்கெட் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டுதான் ஆட்டம் பார்ப்பார்கள். கீழே ஒவ்வொரு தலையாக மேலே திரும்பியது. ஒருவன் சிரித்தான். பிறகு ஒரு வரிசை சிரித்தது. பிறகு கட்டடமே சிரித்தது. ஆட்டத்தில் இருந்த பையன்கள் தங்களுக்கு என்ன ஆயிற்று என்று சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. கிளெனிஸின் புருவம் நெற்றிக்கு மேலே ஏறி நின்றது. டேல் என்னைப் பார்த்தான், கீழே சிரிக்கும் கூட்டத்தைப் பார்த்தான். கையை எடுத்தான். அந்த ஓட்டை வாய் முழுசாகத் திறந்தது.

"கேட்டீங்களா? என் பொண்டாட்டி," என்றான் மைக்கில். "இவ சொன்னது அத்தனையும் நெஜம். லாமி, நீ எங்க இருந்தாலும் விதையைத் துப்பிட்டு, சட்டைப் பையைத் தொட்டுப் பாரு. உன் அஞ்சு பல்லு எங்கிட்ட இருக்கு, பாவ்லுக் காப்பியில குளிச்சுட்டு வந்துருக்கு."

அதற்குப் பிறகு அவனை நிறுத்த யாராலும் முடியவில்லை. காற்று புஸ்புஸ்ஸென்று கசிந்தது, அவன் கவலைப்படவில்லை. "இந்த ஃபாசெட்டு பேரை இன்னிக்கு இந்த ஒரு தடவைதான் சொல்லுவேன், மைக் நனையுது. இனிமே அவன் சுருட்டைத்தலை. அந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரும் நெட்டை, குட்டை. காப்பர் கிரீக் தாய்மார்கள் மன்னிக்கணும்." ஆட்டம் ஓடியது, அவன் வாய் அதற்குச் சமமாக ஓடியது. "சுருட்டை வர்றான், வர்றான், நம்ம பையன் இடுப்பால ஒரு இடி... அய்யோ! தம்பி, அந்த வலி எனக்குத் தெரியும். நாளைக்குக் காலைல பூட்ஸ் மாட்டக் குனிய மாட்ட. அம்மாவைக் கூப்பிட்டுக்கோ." இடி வாங்கியவன் எழுந்தபோது காப்பர் கிரீக் ரசிகர்களும் சேர்ந்து கைதட்டினார்கள். எந்தப் பையன் மூச்சு வாங்குகிறான், எவன் மட்டையைப் பயந்து பிடித்திருக்கிறான், எவன் இப்போது கோல் போடப்போகிறான் என்று அவன் முன்கூட்டியே சொன்னான். சொன்ன மாதிரியே ஒருவன் போட்டான். எங்கள் அணி சமன் செய்தது. கிளெனிஸ் கூரையைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

இதற்கிடையே காப்பர் கிரீக் சாலையில் நடந்ததை மெர்வின் பிறகு எனக்குச் சொன்னான். லாமூரு பாடிக்கொண்டு போனதால் ரேடியோ போடவில்லை. ஆனால் சாலையோர வீடுகளில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் விளக்கைப் போட்டு, ஆட்கள் டார்ச்சோடு வந்து நின்று கை காட்டினார்கள். முதல் இரண்டு வீட்டுக்கு அவனும் சந்தோஷமாகக் கை காட்டிவிட்டுப் போனான். மூன்றாவது வீட்டில் ஒரு அம்மாள் இரவு உடையும் ரப்பர் பூட்சுமாகச் சாலைக்கே வந்துவிட்டாள். விபத்தோ என்று பயந்து நிறுத்தினான்.

"யோவ்! உன் பையில இருக்கிற பல்லு உன்னோடது இல்லைய்யா!" என்றாளாம் அவள்.

கட்டையோடு லாரியைத் திருப்ப முடியாது. அடுத்த ஜல்லிக் கிடங்கில் பின்வண்டியைக் கழற்றி நிறுத்திவிட்டு, முன்வண்டியை மட்டும் ஓட்டிக்கொண்டு திரும்பினான்.

கடைசிப் பகுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது படியில் தடதடவென்று சத்தம். லாமூரு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான், தாடியெல்லாம் விதைத் தொலி. இரண்டு கையாலும் அந்தப் பேப்பர் கப்பைப் பிடித்திருந்தான். சிந்திவிடும் என்பதுபோல.

"இந்தாடா உன் பல்லு. என்னோடதைக் குடு." டேல் நீட்டியதைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தான். "டேய், என்னடா இது, ஒட்டுது?"

"பசை. கம்முனு இரு, அப்புறம் சொல்றேன்," என்றேன்.

டேல் தன் பல்செட்டைத் துடைத்து மாட்டினான். சரியாக உட்கார்ந்தது. முகம் பழையபடி அழகாகிவிட்டது. கண்ணில் நிம்மதி தெரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தான். தொண்டையைச் செருமினான்.

"அன்பார்ந்த நேயர்களே," என்றான், "ஆட்டம் மிகவும் பரபரப்பான கட்டத்தை எட்டியுள்ள இவ்வேளையில்..."

கார் விற்ற குரல். இறைச்சி விற்ற குரல். பனித்தளத்தில் சுருட்டைத்தலை பறந்துகொண்டிருக்கிறான், இங்கே "காப்பர் கிரீக் அணியின் திறமைமிக்க ஃபாசெட் அவர்கள்" என்று பத்திரிகை படிக்கிறான் இவன். உச்சரிப்பில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. கீழே ஒருவர் ரேடியோவைத் தட்டிப் பார்த்தார். எத்தனை பாடுபட்டு வந்த பல்!

மேசையில் போன் மினுங்கியது. கிளெனிஸ் எடுத்தாள். "ஆமா... ஆமா, தெரியுது... சொல்றேன்." வைப்பதற்குள் மறுபடி மினுங்கியது. "ஆமா, எனக்கும் கேக்குது... சரிங்க." மூன்றாவது தடவை அவள் எடுக்கவில்லை. ஸ்டூலை விட்டு எழுந்தாள். லாமூரு வைத்திருந்த காலிக் கப்பை வாங்கினாள். டேலின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"போடு இதுல," என்றாள் மெதுவாக.

டேல் மைக்கை மூடினான். "இப்பதானே மாட்டினேன்?"

"பல்லு நல்லாத்தான் இருக்கு. ஊர்ல யாருக்கும் வேண்டாமாம். முன்னாடி பேசினவன் எங்க போனான்னு கேக்கறாங்க."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். மனைவியைக் கேட்டுக்கொண்டு பல்லைக் கழற்றுகிற வயது. எனக்குக் கண்ணெல்லாம் மங்கிவிட்டது. பல் இல்லாத அந்த வாயைத்தான் முதலில் பார்த்தேன், அதிலிருந்து வந்த பேச்சைத்தான் கட்டிக்கொண்டேன். நான் சொல்லப் பயந்ததை ஊர் போன் போட்டுச் சொல்கிறது.

"போடுடா," என்றேன்.

கப்பில் டக்கென்று விழுந்தது. டேல் மைக்கைத் திறந்தான்.

"சுருட்டை வட்டை விட்டுட்டான் பாருங்க, நான் ஒரு நிமிஷம் கண்ணை எடுத்ததும் விட்டுட்டான்!" கீழேயிருந்து ஒரு கூச்சல் கிளம்பி மரப்பெட்டியை ஆட்டியது. அது கோலுக்கு இல்லை. அப்போது கோல் எதுவும் விழவில்லை.

ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம், கூடுதல் நேரத்தில். ஊரில் யாருக்கும் அது சரியாக நினைவில்லை. கிளெனிஸும் நல்லது கெட்டது ஒன்றும் சொல்லாமல் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். டேல் அந்த வாரம் முழுவதும் போன் அடித்தால் எழுந்து எழுந்து உட்கார்ந்தான்; எனக்கும் சோறு தண்ணி இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை அவளிடமிருந்து ஒரு வரிச் செய்தி வந்தது: நாளை மாலை மேலே வா.

போனோம். கிளெனிஸ் வழக்கம்போல ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. மேசைமேல் மைக்குக்குப் பக்கத்தில் புதுப் பேப்பர் கப் ஒன்று இருந்தது. புது வெள்ளை டேப். ஆர்வில்லின் கோணல் எழுத்தில் பதினாலு. அதற்குக் கீழே, தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, அவர் பெயரையும் எழுதியிருந்தார்: மார்ட்டி.

டேல் அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். பிறகு பல்லைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.